உலோகத்துக்கு எது சூடு, எது குளிர்?



இந்தக் கிழமை எபிசோட்டில் பிறம்ரன் அசெம்பிளியைப் பற்றிக் கதைத்தோம். வில்லியம்ஸ் பார்க்வேயில் இருக்கிற அந்தப் பெரிய கார்த் தொழிற்சாலை. 1986இல் ஏ.எம்.சி. கொம்பனி திறந்தது, அடுத்த வருடமே கிறைஸ்லரின் கைக்குப் போனது. 2023 டிசம்பரோடு அங்கே கார் செய்வது நின்றது. ஜீப் கொம்பஸ் வரும், வரும் என்று ஏறத்தாழ 3,000 தொழிலாளர்கள் பார்த்துக்கொண்டிருக்க, 2025 ஒக்ரோபரில் அந்தக் காரை அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் செய்யப்போவதாக அறிவித்தார்கள். வரி, அரசியல், வேலை எல்லாம் எபிசோட்டில் இருக்கு. கேளாத ஆக்கள் கேளுங்கோ.

இங்கே எழுதப்போவது அதுக்கு ஒரு படி கீழே. கார் செய்கிற இடங்களுக்குள் உலோகத்துக்கு என்னதான் நடக்குது? உங்களில் கனபேரின் வீட்டில் அப்பா, அம்மா, மாமா, சித்தி என்று யாராவது ஒருவர் ரொறன்ரோவைச் சுற்றி ஏதோ ஒரு கார்ப்பாகத் தொழிற்சாலையில் நின்றிருப்பார். இரவு ஷிஃப்ட், காதுக்கு அடைப்பான், இரும்பு முனை வைத்த பூட்ஸ். நாங்கள் அதை "ஃபக்ரறி வேலை" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோம். அந்தச் சொல்லுக்குள் இருக்கிற பௌதிகம் கொஞ்சநஞ்சம் இல்லை.

நான் படித்தது கொம்பியூட்டர் சயன்ஸ். உலோகம் என் தொழில் இல்லை. ஆனால் சில வருடங்களுக்கு முந்தி ஒரு கார்ப்பாகத் தொழிற்சாலையில் ஆறு மாதக் கொன்ராக்ட் ஒன்று செய்தேன். பிரஸ் இயந்திரங்கள் அனுப்புகிற அளவுகளை டேட்டாபேஸில் சேர்க்கிற வேலை. அதில் ஒரு கொலம்: அடுப்பால் தகடு வெளியே வந்ததிலிருந்து அச்சு மூடும்வரை எத்தனை செக்கன். குறித்த எல்லையைத் தாண்டினால் அந்தப் பாகம் நேரே கழிவுப் பெட்டிக்குப் போகும். கையில் எடுத்துப் பார்த்தால் நல்ல பாகம்தான். வடிவம் சரி, அளவு சரி. மூன்று செக்கன் பிந்தினதுக்காக ஏன் எறியவேணும்? அந்த லைனில் நின்ற ஒரு அண்ணையைக் கேட்டேன். "தம்பி, உது ஆறிப்போச்சு. ஆறினாப் பிறகு அடிச்சால் வடிவம் வரும், பலம் வராது" என்றார்.

அந்த ஒரு வசனத்தை விளங்கிக்கொள்ள எனக்குக் கனநாள் எடுத்தது. உங்களுக்கு இந்தக் கட்டுரையோடு விளங்கவேணும் என்பதுதான் நோக்கம்.

குசினியில் தொடங்குவோம். உங்கட வீட்டுச் சிங்க் எவர்சில்வர் என்றால், சின்னதாக, ஆனால் நல்ல பலமான காந்தம் ஒன்றை எடுங்கோ. முதலில் சிங்கின் மேல் விளிம்பில், தட்டையான இடத்தில் வையுங்கோ. அநேகமாக ஒட்டாது. இப்ப உள்ளே ஆழமான மூலையில், தகடு நன்றாக வளைந்து இழுபட்ட இடத்தில் வையுங்கோ. மெல்லிய ஒரு இழுவை தெரியும். ஒரே தகடு, ஒரே கலவை, இரண்டு இடத்தில் இரண்டு குணம். சில்வர் பேணியிலும் இதைச் செய்யலாம்: அடியின் நடுவில் ஒரு மாதிரி, பக்கச் சுவரில் இன்னொரு மாதிரி. (சில மலிவான பாத்திரங்கள் வேறு வகை எவர்சில்வர். அவற்றில் எல்லா இடமும் ஒட்டும். அப்படியென்றால் வேறு பேணி தேடுங்கோ.)

சிங்கும் பேணியும் ஒரு தட்டைத் தகட்டை அச்சுக்குள் தள்ளி இழுத்துச் செய்தவை. அடுப்பு இல்லை, நெருப்பு இல்லை. குளிராகவே செய்தது. அந்த இழுவை தகட்டுக்குள் ஒரு மாற்றத்தை எழுதிவைத்துவிட்டது. மூலையில் இருக்கிற உலோகம் தன்னை எப்படி இழுத்தார்கள் என்று இன்னும் ஞாபகம் வைத்திருக்கு. காந்தம் அந்த ஞாபகத்தைத்தான் வாசிக்குது.

அது எங்கே எழுதப்படுது? உலோகம் ஒன்று சின்னச் சின்னப் பளிங்குகளின் கூட்டம். ஒவ்வொரு பளிங்குக்குள்ளும் அணுக்கள் வரிசை வரிசையாக அடுக்கியிருக்கும். உலோகம் வளையவேணும் என்றால் ஒரு வரிசை இன்னொன்றின் மேல் வழுக்கவேணும். முழு வரிசையையும் ஒரே தரத்தில் தள்ள மிகப் பெரிய பலம் தேவை. ஆனால் உண்மையில் உலோகம் அதைவிடப் பல மடங்கு சுலபமாக வளையுது. ஏன்? 1934இல் ரெய்லர், ஒரோவன், போலான்யி என்ற மூன்று பேர், தனித்தனியாக, ஒரே விடையைச் சொன்னார்கள். அடுக்கில் ஆங்காங்கே பிழையான கோடுகள் இருக்கு. அதை டிஸ்லொகேசன் என்பார்கள். பேஸ்மென்ற்றில் விரித்த பெரிய கார்ப்பற்றை ஒரு அடி நகர்த்தவேணும் என்று வையுங்கோ. முழுசாக இழுத்தால் அசையாது. ஒரு கரையில் மடிப்பு ஒன்றை உண்டாக்கி, அந்த மடிப்பை மற்றக் கரைவரை தள்ளிக்கொண்டு போனால் கார்ப்பற் நகர்ந்துவிடும். டிஸ்லொகேசன் என்பது அந்த மடிப்பு.

இப்ப விஷயத்துக்கு வாறன். குளிராக வளைக்கும்போது இந்த மடிப்புகள் பெருகும். பெருகிப் பெருகி ஒன்றோடு ஒன்று சிக்கும். காய்ச்சி மெல்ல ஆறவிட்ட உலோகத்தில், ஒரு சீனிக்கட்டி அளவு துண்டுக்குள் இந்தக் கோடுகளை நீட்டிப் பிடித்தால் பத்து, நூறு கிலோமீற்றர் என்ற கணக்கில் வரும். நன்றாக அடித்து நசித்த உலோகத்தில் அதே சீனிக்கட்டிக்குள் பத்து இலட்சம் கிலோமீற்றருக்கு மேல். சந்திரனுக்குப் போய்த் திரும்பி வந்தாலும் மிச்சம் இருக்கும். அவ்வளவு நூலும் சிக்கினால் எதுவும் நகராது. அதனால்தான் அடிக்க அடிக்க உலோகம் இறுகுது, இன்னும் அடித்தால் வெடிக்குது. கம்பி ஒன்றை ஒரே இடத்தில் திருப்பித் திருப்பி வளைத்து முறித்த எல்லாருக்கும் இது தெரியும்.

நகை செய்கிற பத்தருக்கும் தெரியும். தங்கக் கம்பியை ஓட்டை ஓட்டையாக உள்ள தகட்டுக்குள்ளால் இழுத்து மெல்லிசாக்குவார். இரண்டு மூன்று ஓட்டை தாண்டினதும் நிறுத்தி, கம்பியை நெருப்பில் காட்டுவார். திரும்ப இழுப்பார். அந்த நெருப்பு என்ன செய்யுது? அழிக்குது. சூடு போதுமான அளவு ஏறினால் சிக்குப்பட்ட பளிங்குகளுக்குள் புதுப் பளிங்குகள் முளைத்து, பழசைத் தின்று வளரும். புதுசுக்குப் பழைய கதை ஒன்றும் தெரியாது. மீள்பளிங்காதல் என்று இதுக்குப் பெயர். நாங்கள் லப்ரொப்பை ஃபக்ரறி ரீசெற் செய்வதுபோல.

இதிலிருந்துதான் "சூடு", "குளிர்" என்ற இரண்டு சொல்லுக்கும் உண்மையான அர்த்தம் வருது. கை சுடுகிறதா என்பது கணக்கில்லை. அடி விழுகிறபோதே பழைய ஞாபகம் அழிந்துகொண்டு போகிற சூட்டில் செய்தால் அது சூடான வேலை. அழியாமல் சேர்ந்துகொண்டு போனால் அது குளிரான வேலை. எல்லை ஒவ்வொரு உலோகத்துக்கும் வேறு. தோராயமாக, அந்த உலோகம் உருகுகிற வெப்பநிலையைக் கெல்வினில் எடுத்தால், அதில் நூற்றுக்கு நாற்பது.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் விசித்திரமான விடைகள் வரும். ஈயம் 327 பாகை செல்சியஸில் உருகும். அதுக்கு எங்கட வீட்டு அறையே சூடு. தூண்டிலில் கட்டுகிற ஈயக்குண்டை ஜனவரி மாதம் வீட்டுக்குள் இருந்து சுத்தியலால் அடித்தாலும் அது சூடான வேலைதான். எவ்வளவு அடித்தாலும் இறுகாது. மறுபக்கம் டங்ஸ்டன் 3,422 பாகையில் உருகும். ஆயிரம் பாகையில் செக்கச்செவேலென்று ஒளிருகிற டங்ஸ்டனை அடித்தால், அது குளிரான வேலை. எனக்கு இந்த இடம் நல்ல விருப்பம்.

சரி, இனி கார். ஒன்ராறியோவில் காரின் தகட்டுக்கு ஊர் ஹமில்ரன். டொஃபாஸ்கோ 1912இல் தொடங்கியது, இன்றைக்கு ஆர்செலர் மிட்டலின் கையில் இருக்கு. கார்த் தகடு அவர்களின் முக்கியமான சரக்கு. தகடு செய்கிற எந்த உருக்காலையிலும் முதல் படி சூடு. இருபது சென்றிமீற்றர் தடிப்பான உருக்குப் பாளத்தை 1,200 பாகை அளவில் காய்ச்சி உருளைகளுக்குள்ளால் விடுவார்கள். இரண்டு மூன்று மில்லிமீற்றராக மெலியும். பத்து மீற்றர் நீளமாய் உள்ளே போனது அரைக் கிலோமீற்றருக்கு மேல் நீண்டு வரும். குளிராக இதைச் செய்ய நினைத்தால் உருளைதான் உடையும். சூட்டில் ஒவ்வொரு நசிப்பும் உடனே மறந்துபோவதால் உலோகம் சண்டை பிடிக்காது. ஊரில் கொல்லர் மண்வெட்டியையும் அலவாங்கையும் உலையில் காய்ச்சி அடித்ததும் இதே காரணத்துக்குத்தான்.

ஆனால் சூட்டுக்கு விலை உண்டு. மேல் முழுக்கக் கரித்தோல் படியும், தடிப்பு அவ்வளவு துல்லியமாய் வராது, மினுமினுப்பு இல்லை. அப்படியே காரின் கதவாக்கினால் பெயின்ற்றுக்குள்ளால் அசிங்கம் தெரியும். அதனால் அமிலத்தில் கழுவி, பிறகு குளிராக உருட்டி, முக்கால் மில்லிமீற்றர் அளவுக்குக் கொண்டுவருவார்கள். இப்ப தகடு கண்ணாடிபோல, ஆனால் சிக்கு நிறைந்து விறைத்துப்போய் இருக்கும். திரும்பக் காய்ச்சி மறக்கவைத்து, நாகப்பூச்சுப் பூசி, சுருளாகச் சுற்றி அனுப்புவார்கள். சூடு, குளிர், பிறகு சூடு. நெடுஞ்சாலை 403இல் பின்னால் பெரிய உருக்குச் சுருள் ஏற்றிக்கொண்டு போகிற லொறியைக் கண்டிருப்பீர்கள். அது மறக்கப்பண்ணி அனுப்பின உருக்கு.

பிரஸ்ஸில் அது திரும்பப் படிக்கத் தொடங்கும். கதவு, பொனற், மட்கார்ட் எல்லாம் குளிராகத்தான் அடிக்கப்படும். முதல் அடியில் வடிவம், அடுத்ததில் ஓரம் வெட்டு, அடுத்ததில் ஓட்டை, அடுத்ததில் மடிப்பு. இதில் பெரிய தலையிடி, அச்சு திறந்தவுடன் தகடு கொஞ்சம் பின்னுக்கு வளைவது. 90 பாகைக்கு மடித்தால் 92இல் போய் நிற்கும். அதனால் அச்சையே 88க்குச் செய்யவேணும். எவ்வளவு திரும்பும் என்று முன்கூட்டியே சொல்வது ஒரு காலத்தில் அச்சு செய்கிறவரின் கை அனுபவம். இப்ப அதில் பெரும்பங்கு சிமுலேசன். ஆனாலும் முதல் அச்சு வந்து இறங்கினதும் அரத்தோடும் நீல மையோடும் அதைச் சரிப்படுத்துகிற மனிதர் ஒருவர் கட்டாயம் நிற்பார்.

கதவு அடித்தபிறகும் கதை முடியவில்லை. பெயின்ற் காயவைக்கக் காரின் உடம்பை 170 பாகை அளவில் இருபது நிமிடம் அடுப்புக்குள் விடுவார்கள். அந்தச் சூடு ஞாபகத்தை அழிக்கப் போதாது. ஆனால் உருக்குக்குள் இருக்கிற கார்பன் அணுக்கள் மெல்ல நகர்ந்துபோய் அந்த மடிப்புகளில் ஒட்டிக்கொண்டு பூட்டுப் போட்டுவிடும். இதுக்கென்றே கலவை பார்த்துச் செய்த தகடுகள் இருக்கு. பெயின்ற் காயவைக்கிற சாட்டில் கதவும் உரமாகும். சும்மா கிடைக்கிற பலம் என்பது இதுதான்.

இனி அந்த அண்ணையின் லைன். முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவில் நிற்கிற தூணைப் பி-பில்லர் என்பார்கள். பக்கவாட்டில் ஒரு வாகனம் வந்து இடித்தால் உங்களுக்கும் அதுக்கும் இடையில் இருப்பது அந்தத் தூண்தான். அதுக்கு மிகப் பலமான உருக்கு வேணும். ஆனால் மிகப் பலமான உருக்கைக் குளிராக வளைத்தால் வெடிக்கும், அல்லது வில்லுப்போலத் திரும்பி வந்துவிடும். இதுக்கு 1970களில் சுவீடனில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 1984இல் சாப் 9000 காரில் அது வந்தது. துளியளவு போரன் சேர்த்த உருக்குத் தகட்டை 900 பாகைக்கு மேல் காய்ச்சுவார்கள். அந்த நிலையில் அது மெத்தென்று இருக்கும். ரோபோ அதைத் தூக்கிக்கொண்டு ஓடி அச்சில் வைக்கும். அச்சுக்குள்ளே தண்ணீர் ஓடுகிற குழாய்கள் இருக்கும். அச்சு மூடி, வடிவம் கொடுத்து, அப்படியே இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும். செக்கனுக்கு 30 பாகை அளவுக்காவது சூடு இறங்கவேணும். அவ்வளவு விரைவாக ஆறினால் கார்பன் அணுக்களுக்குத் தப்பி ஓட நேரம் கிடையாது. அகப்பட்டுப்போய், முழு அடுக்கும் திரிந்து, மார்ட்டன்சைற் என்ற மிகக் கடினமான அமைப்பாக மாறிவிடும்.

பலன்: ஒரு சதுர மில்லிமீற்றருக்கு 150 கிலோ தாங்கும். சாதாரண கதவுத் தகடு முப்பது சொச்சம்தான். தகடு வெளியே வந்து காற்றில் நிற்கிற நேரம் கூடினால், அச்சுக்குள் போகும்முன்பே ஒரு பகுதி சாதாரண மென்மையான உருக்காக மாறத் தொடங்கிவிடும். பிறகு எவ்வளவு அழுத்தினாலும் அந்தப் பகுதி மார்ட்டன்சைற் ஆகாது. என்னுடைய டேட்டாபேஸில் மூன்று செக்கன் பிந்தின அந்தப் பாகம் பார்வைக்குத் தூண். இடிபட்டால் தூண் இல்லை. "வடிவம் வரும், பலம் வராது" என்று அண்ணை சொன்னது இதைத்தான்.

மார்ட்டன்சைற் என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கோ. அடோல்ஃப் மார்ட்டன்ஸ் என்ற ஜேர்மன் ஆய்வாளரின் பெயர் அது. சிங்க் மூலையில் காந்தத்தை இழுத்ததும் மார்ட்டன்சைற்தான். அங்கே குளிராக இழுத்ததால் வந்தது, இங்கே சூட்டிலிருந்து சட்டென ஆறினதால் வந்தது. மூன்றாவது ஒன்றும் இருக்கு. அது தாமிரபரணிக் கரையில்.

தமிழர் உலோகம் என்றால் எல்லாரும் ஊட்ஸ் உருக்கைப் பற்றித்தான் கதைப்பார்கள். எனக்கு அதைவிட ஆச்சரியம் ஆதிச்சநல்லூர்க் கிண்ணங்கள். திருநெல்வேலிக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தப் பழைய புதைகாட்டை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். கிடைத்தவற்றில் மிக மெல்லிய வெண்கலப் பாத்திரங்களும் உண்டு. பெங்களூரின் தேசிய உயராய்வு நிறுவனத்தைச் சேர்ந்த சாரதா சீனிவாசன் இந்த வகைப் பாத்திரங்களை நுணுக்கமாக ஆராய்ந்தவர். செம்போடு நூற்றுக்கு 22, 23 பங்கு வெள்ளீயம் சேர்ந்த கலவை. வழமையான வெண்கலத்தில் அதில் பாதிதான் இருக்கும்.

இவ்வளவு வெள்ளீயம் போட்டால் வெண்கலம் மண்சட்டி மாதிரி. குளிராக ஒரு அடி அடித்தால் நொறுங்கும். வார்த்து மெல்ல ஆறவிட்டாலும் அதே கதி. ஆனால் கிட்டத்தட்ட 600 பாகைக்கும் 790 பாகைக்கும் இடையில் அதே கலவை வேறொரு அடுக்குக்கு மாறி, அடிக்க அடிக்க விரியும். அந்தச் சிவப்பில் மட்டும் அடித்து, நிறம் இறங்கினால் திரும்பக் காய்ச்சி, திரும்ப அடித்து, கடைசியில் சூட்டோடு தண்ணீருக்குள் போட்டுவிடவேணும். போட்டால் அந்தச் சூட்டு அடுக்கு ஊசி ஊசியான ஒரு மார்ட்டன்சைற்றாக உறைந்து நிற்கும். நொறுங்குகிற குணம் குறையும். பொன்நிறத்தில் மினுங்கும், தட்டினால் மணிபோல ஒலிக்கும். உருக்கைக் கடினமாக்கத் தண்ணீர். இந்த வெண்கலத்தை நொறுங்காமல் காக்கத் தண்ணீர். வேலை ஒன்று, காரணம் நேர்மாறு. கேரளத்தில் கம்மாளர்கள் அண்மைக்காலம்வரை இப்படிச் செய்திருக்கிறார்கள்.

வெப்பமானி இல்லாமல், நிறத்தைப் பார்த்தே 200 பாகை அகலமான ஒரு ஜன்னலுக்குள் நின்று வேலை செய்திருக்கிறார்கள். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமை என்றால் வட்ஸ்அப்பில் தேவைக்கு மேல் வருது. அந்த லைனில் நின்ற அண்ணையும் மானிற்றரைப் பார்க்கமுந்தியே தகட்டின் நிறத்தைப் பார்த்து "இது சரிவராது" என்று சொல்வதை நான் கண்டிருக்கிறேன். அதனால்தான் இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுதுகிறேன்.

இனி உங்கட காசும் உயிரும் சம்பந்தப்பட்ட பகுதி. ஒன்ராறியோவிலேயே கார் காப்புறுதி கட்டி அதிகம் களைத்த ஊர்களில் ஒன்று எங்கட பிறம்ரன். அதனால் பழைய கார் வாங்குவதும், சின்ன அடிபாட்டைக் காப்புறுதிக்குச் சொல்லாமல் கைக்காசில் திருத்துவதும் இங்கே சாதாரணம். கதவிலோ மட்கார்ட்டிலோ என்றால் பெரிய பிரச்சினை இல்லை. தூண் வளைந்திருந்தால் கதை வேறு. பழைய முறைப்படி ரோர்ச்சால் காய்ச்சி இழுத்து நேராக்கினால் பார்க்க நேராகும். ஆனால் மார்ட்டன்சைற் சில நூறு பாகைச் சூட்டிலேயே இளகத் தொடங்கிவிடும். தொழிற்சாலையில் செக்கன் கணக்குப் பார்த்துப் பூட்டின பலத்தை ஒரு ரோர்ச் இரண்டு நிமிடத்தில் கழற்றிவிடும். மேலே பெயின்ற் அடித்தால் ஒருவருக்கும் தெரியாது.

அதனால்தான் கார் செய்கிறவர்களின் திருத்தக் கையேடுகள் இந்தத் தூண்களைக் காய்ச்சி நிமிர்த்தவேண்டாம், குறித்த இடத்தில் வெட்டிப் புதுசு போடுங்கோ என்று சொல்லுது. மீட்புப் பணியில் போகிற தீயணைப்புக்காரரும் இந்த உருக்கு வந்தபிறகு பழைய வெட்டுக்கருவிகள் போதாமல் புதுசு வாங்கவேண்டி வந்தது. அந்த அளவு உரம்.

பழைய கார் பார்க்கிறீர்கள் என்றால் சேர்விஸ் ஒன்ராறியோவில் யூ.வி.ஐ.பி. பொதியை எடுத்து, "சல்வேஜ்", "றீபில்ற்" என்று ஏதும் குறித்திருக்கா என்று முதலில் பாருங்கோ. கைக்காசில் செய்த திருத்தம் அதில் வராது. ஆகவே கதவுகளைத் திறந்து, தூணோரத்து ரப்பரை மெல்ல விலக்கி, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கா என்று பாருங்கோ. ஒரு பக்கம் மட்டும் பெயின்ற் தடிப்பாகவோ வெல்டிங் வேறு மாதிரியாகவோ இருந்தால் திருத்தின பில்லைக் கேளுங்கோ. தூண் புதுசு போட்டது, கையேட்டின்படி போட்டது என்று பில்லில் இருந்தால் பிரச்சினை இல்லை. "இல்லைத் தம்பி, சும்மா கொஞ்சம் நிமித்தினதுதான்" என்று வாயால் மட்டும் பதில் வந்தால், விலை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நான் அந்தக் காரை வாங்கமாட்டன்.